நூற்றுத் தொண்ணூற்றெட்டு வில்லைகள்

கீஃப்ஹோர்ன், வாகனப் பரிசோதனைக் கூடம்,
இரண்டாம் மேடை, செவ்வாய் காலை ஒன்பதரை.
சாம்பல் நிற டீசல் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டுப்
பதிவுத்தாளைத் தேடினார் ஹார்ட்விக் ப்ராண்டெஸ்.
முன்பெட்டியிலிருந்து ஒரு கோப்பு சரிந்தது:
வக்கீல் கடிதம், இன்னொரு வக்கீல் கடிதம், ரசீது,
அப்புறம் நான்கு அட்டைகள்,
கட்டம் கட்டமாய்ச்
சிவப்பு வில்லைகள்.

அட்டையின் மேல் ஒரு பேர்: ஓட்டிலி ப்ராண்டெஸ்.
அவருக்குப் பெரியத்தை, தொப்பி தைத்தவள்.
வாரம் ஒரு வில்லை, வில்லைக்கு ஐந்து மார்க்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு சேர்ந்தால்
மக்கள் வண்டி வாசலுக்கு வரும் என்றது அரசாங்கம்.
சேர்ந்தது,
நாற்பத்திரண்டாம் வருடக் கோடையில்.
அந்தக் கோடையில் தொழிற்சாலை
போர்முனைக்கு வண்டி செய்துகொண்டிருந்தது.

அறுபத்தொன்றில் ஏதோ தள்ளுபடி தருகிறேன் என்றார்கள்,
புது வண்டி வாங்கினால்.
ஓட்டிலி பதில் எழுதவில்லை.
கடைசிவரை சைக்கிள்.

"இதை ஏன் இதோடு சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?"
"கம்பெனி எங்கள் குடும்பத்துக்குத் தர வேண்டியதெல்லாம்
ஒரே கோப்பில் இருக்கட்டும்."
சிரிக்கவில்லை. பல் மட்டும் தெரிந்தது.

இந்தப் பக்கத்தில் அந்தக் கம்பெனியைத் திட்டுவது
வீட்டு மனிதரைத் திட்டுவது மாதிரி.
நாங்கள் திட்டுவோம். நீங்கள் திட்டினால் சண்டைக்கு வருவோம்.
என் மாமனார் ருஜ்ஜேரோ, காலாப்ரியாவிலிருந்து ரயிலேறி வந்து
மரக்கொட்டகையில் படுத்து
முப்பத்தோரு வருடம் இடக்கதவு மட்டும் மாட்டினார்.
வலக்கதவைத் திறக்கவே அவருக்குத் தெரியாது என்பது
எங்கள் வீட்டுக் கேலி.
அந்தத் தொழிற்சாலையில் வறுத்த சாசேஜுக்குக்கூட
உதிரிபாக எண் உண்டு.

குண்டு விழுந்த கூரையடியில்,
இங்கிலீஷ்காரன் கொடுத்த ஆர்டரில்
வண்டு பிழைத்துக்கொண்டது.
கடல் தாண்டிப் போயிற்று.
அங்கே இளசுகள் அதன் முதுகெல்லாம் பூ வரைந்தார்கள்.
பூவைத் தேடி வண்டு போகும் என்பார்கள்;
இதைத் தேடிப் பூ வந்தது.
பேர் என்றால் அப்படி ஒரு பேர்.

நான் குடியிருப்பது ரூயனில்.
கல்லறையைக் கடந்துதான் தினமும் வேலைக்கு வருகிறேன்.
போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும்
இழுத்து வரப்பட்ட பெண்கள் பெற்ற குழந்தைகள்.
கம்பெனியின் பராமரிப்பில் இருந்தவை.
பராமரிப்பு.
அந்தச் சொல்லை என் வேலைத்தாளில் தினமும் டிக் செய்கிறேன்.

சரி, வண்டி.
பிரேக் பரவாயில்லை. விளக்கு சரி. பின் இடது டயர் தேய்வு.
புகைக்குழாயில் குழாயைச் செருகினேன்.
எண் வந்தது. நல்ல எண்.
பன்னிரண்டிலும் நல்ல எண்தான் வந்தது.
ஸ்டியரிங் அசையவில்லை, சக்கரம் மட்டும் சுழல்கிறது,
அப்படியென்றால் இது பரீட்சை என்று
எங்கோ ஒரு சோதனைச்சாலையில் கண்டுகொண்டு
மூச்சை அடக்கிய ஜாதி இது.
வாசல் தாண்டியதும் விட்டது,
பள்ளிக்கூடத்து வழியெல்லாம்.
அந்த வருடம் இதற்கு வில்லை ஒட்டியவள் நான்.
என் கையெழுத்து இன்னும் அந்தக் கோப்பில் இருக்கிறது,
ரசீதுக்குக் கீழே. பார்த்தேன்.
அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"புதுச் சாஃப்ட்வேர் போட்டுவிட்டார்கள்," என்றார்.
"இப்போது நிஜமாகவே ஒழுங்காக மூச்சு விடுகிறதா?"
"இங்கே நிற்கும்போது மட்டும்தான் எனக்குத் தெரியும்,
ஹெர் ப்ராண்டெஸ்."

பின் நம்பர் தகட்டைத் துடைத்தேன்.
பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதை
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்,
ஓரம் தூக்காமல்.
இரண்டு வருடத்துக்கு.

அவர் அட்டைகளை எடுத்து எண்ணினார், நான்கும் இருக்கிறதா என்று.
கடைசி அட்டையில் இரண்டு கட்டம் காலி.
"தப்பாக அச்சிட்டிருப்பார்கள்," என்றார்.
இல்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூறுக்கு
நூற்றுத் தொண்ணூற்றெட்டுதான்.
சொல்லவில்லை.
அடுத்த வண்டி ஹாரன் அடித்தது, அதே கம்பெனி, வெள்ளை.